மூன்று கோடும் மூன்றில் ஒரு ஓட்டும்



கீழப்பழுவூர்க் கடைத்தெருவிலே ஒரு கேள்வி நம்மை மடக்கிற்று. ஜனவரி 25, வீரவணக்க நாள். கூட்டம் முடிந்து, மாலை காய்ந்து, தொண்டை வறண்டு, தேநீர்க் கடை பெஞ்சிலே உட்கார்ந்திருந்தோம். சாலையிலே சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போகின்றன. அந்த லாரியிலே கல் ஏற்றுகிற தோழர் ஒருவர். தலைமுடியிலே, புருவத்திலே, சட்டையிலே வெள்ளைப் பொடி. கையிலே கண்ணாடித் தம்ளர். கேட்டார்:

"அண்ணே, மேடையிலே கொறடா உத்தரவு, கொறடா உத்தரவுன்னு நாலு தடவை சொன்னீங்க. பேப்பர்லயும் போடுறான். மாட்டை ஓட்ட சாட்டை வேணும், சரி. மனுசனை ஓட்ட எதுக்குண்ணே சாட்டை? நாங்க அனுப்பினது ஆளா, மாடா?"

பெஞ்சிலே இருந்தவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை. ஏனென்றால் கேள்வி கேலிக் கேள்வி அல்ல. கேட்ட ஊரும் சாதாரண ஊர் அல்ல.

எந்த ஊர் இது? பழுவேட்டரையர் ஆண்ட பழுவூர் மண்ணின் கீழ்ப்பகுதி. அதனினும் மேலாக, சின்னசாமி பிறந்த ஊர். 1964ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், திருச்சியிலே, தன் உடலிலே தானே தீ மூட்டிக்கொண்டு, இந்தி ஒழிக, தமிழ் வாழ்க என்று முழங்கி மாண்டாரே அந்தச் சின்னசாமி! அவர் உயிரைக் குடித்தது எது? தீ என்பான் மருத்துவன். நாம் சொல்கிறோம்: ஒரு சட்டம். அந்தச் சட்டத்திலே ஒரு சொல். அந்தச் சொல்லை மாற்ற முடியாதபடி மன்றத்திலே எண்ணி வைக்கப்பட்டிருந்த கைகள்! ஆகவே கொறடா என்றால் என்ன என்று வேறு எந்த ஊர்க்காரருக்கும் இல்லாத உரிமையோடு கீழப்பழுவூர்க்காரர் கேட்கலாம். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலிலே சொல்லைப் பார்ப்போம். கொறடா! தமிழா? இல்லை. மராத்தியிலே 'கோரடா' என்றால் சாட்டை. குதிரையோடு வந்த சொல், குதிரை போன பிறகும் நம்மிடம் தங்கிவிட்டது. குதிரைக்காரன் கையில் இருந்ததை அரசியல்காரன் கையிலே கொடுத்துவிட்டோம். ஆங்கிலேயன் வைத்த பெயர் மட்டும் என்ன வாழ்கிறது? அவன் நரி வேட்டைக்குப் போவான். முன்னாலே நரி ஓடும், பின்னாலே நாய்க் கூட்டம் ஓடும். கூட்டத்தை விட்டு ஒரு நாய் விலகி, வேலியோரம் முயல் பார்த்துப் போகுமானால், அதைச் சாட்டையால் விளாசித் திரும்பக் கூட்டத்திலே சேர்க்க ஓர் ஆள் வைத்திருப்பான். அந்த ஆளின் பெயரைத்தான் பாராளுமன்றத்திலே தன் கட்சி உறுப்பினரைக் கூட்டிச் சேர்ப்பவனுக்கும் வைத்தான். நாய், நரி, சாட்டை! மக்களாட்சியின் தாய்வீடு என்று மார் தட்டுகிறவர்கள் வைத்த பெயர் இது. கல் ஏற்றும் தோழர் 'மாடா' என்று கேட்டார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார் என்று இப்போது தெரிகிறதல்லவா?

ஆனாலும் தோழர்களே, பெயரை வைத்து ஆளை எடை போடக்கூடாது. கொறடா செய்கிற வேலை என்ன? கல்யாண வீட்டிலே பந்தி விசாரிக்கிறவரைப் பார்த்திருக்கிறீர்கள். எத்தனை இலை விழுந்தது, யார் உட்காரவில்லை, யார் கோபித்துக்கொண்டு திண்ணையிலே இருக்கிறார், யாரைச் சமாதானம் செய்து அழைத்துவர வேண்டும் என்பதெல்லாம் அவர் தலையிலே. சபையிலே அந்த வேலை கொறடாவுக்கு. எந்த மசோதா எப்போது வருகிறது, தன் கட்சிக்குக் கிடைத்த நேரத்திலே யார் பேசுவது, எந்தக் குழுவுக்கு யார் பெயரைக் கொடுப்பது, யார் ஊரிலே இல்லை, யார் மருத்துவமனையிலே இருக்கிறார் என்று அத்தனையும் அவர் கணக்கிலே. மாநிலங்களவையிலே மொத்த இடம் 245. அதிலே பத்திலொரு பங்கு, அதாவது 25 பேர் இல்லாவிட்டால் சபையே நடக்காது. அந்த 25 பேரை உள்ளே உட்கார வைப்பது ஆளுங்கட்சிக் கொறடாவின் அன்றாடப் பாடு. நண்பகல் உணவுக்குப் பிறகு அது எத்தனை பெரிய பாடு என்பதை, சபையின் வெற்று நாற்காலிகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள்!

அவர் அனுப்புகிற தாளுக்கும் கொறடா என்றே பெயர். அதிலே அடிக்கோடு உண்டு. ஒரு கோடு என்றால் 'வந்தால் நல்லது.' இரண்டு கோடு என்றால் 'வா.' மூன்று கோடு என்றால் 'வந்தே தீர வேண்டும், சொன்ன பக்கம் ஓட்டுப் போட்டே தீர வேண்டும்.' மூன்று கோட்டைக் கண்டால் காய்ச்சல்காரரும் கம்பளி போர்த்திக்கொண்டு வருவார்.

இந்தப் பொறுப்பு டில்லியிலே யாரிடம் இருக்கிறது? மக்களவையிலே அரசின் தலைமைக் கொறடா, பாராளுமன்ற விவகார அமைச்சர். மாநிலங்களவையிலே அந்தத் துறையின் இணை அமைச்சர் அந்தப் பொறுப்பைப் பார்ப்பது வழக்கம். அதாவது சாட்டை பிடிப்பதற்கென்றே ஓர் அமைச்சகம்! 1952ஆம் ஆண்டிலேயே இந்தூரிலே அனைத்திந்தியக் கொறடாக்கள் மாநாடு கூட்டினார்கள். இலண்டனிலே பிரபுக்கள் சபையின் அரசுத் தலைமைக் கொறடாவுக்கு இன்னும் வேடிக்கையான பட்டம்: அரசரின் மெய்க்காவல் படை ஒன்றின் தளபதி! வாளும் இறகுத் தொப்பியும் கொண்ட அந்தப் பழைய பதவியின் பெயராலே சம்பளம், ஆனால் பார்ப்பது தலை எண்ணுகிற வேலை. அந்தத் தளபதிக்கு அதிகாரம் அதிகமோ என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே பிரபுக்கள் தேர்தலிலே நிற்பவர்கள் அல்லர். அடுத்த முறை சீட்டு இல்லை என்று மிரட்ட வழி இல்லை. ஆகவே அங்கே சாட்டை சொடுக்கினால் ஓசை வரும், வலி வராது. வேண்டுகோள், வெற்றிலைபாக்கு, நயம், நட்பு இவைதான் ஆயுதம்.

இங்கே அப்படியா? இங்கே சாட்டையின் நுனியிலே முள் கட்டியிருக்கிறது. 1985ஆம் ஆண்டு 52ஆம் திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்திலே பத்தாவது அட்டவணை புகுந்தது. கட்சிக் கட்டளையை மீறி ஓட்டுப் போட்டாலும் சரி, ஓட்டே போடாமல் வெளியே நின்றாலும் சரி, முன் அனுமதி பெறாமலும் 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காமலும் போனால், உறுப்பினர் பதவியே போய்விடும். ஆயாராம் கயாராம் கூத்தை அடக்கத்தான் கொண்டுவந்தார்கள். காலையிலே ஒரு கொடி, மாலையிலே ஒரு கொடி என்று விலைபோனவர்களைப் பார்த்து நாடு காறி உமிழ்ந்த காலம் அது. சட்டம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் திருடனுக்குப் போட்ட விலங்கு, வீட்டுக்காரன் கையிலும் விழுந்தது. 1992இலே உச்ச நீதிமன்றம் கிகோட்டோ ஹொல்லோகன் வழக்கிலே இந்தச் சட்டம் செல்லும் என்றது. கூடவே, ஆட்சியே விழுமா நிற்குமா என்கிற ஓட்டுக்கும், கட்சி மக்களிடம் வைத்த முக்கியக் கொள்கைக்கும் மட்டுமே இத்தகைய கட்டளை பொருந்துவது முறை என்கிற கருத்தையும் சொல்லிற்று. செல்லும் என்றதைப் பிடித்துக்கொண்டார்கள். முறை என்றதை மறந்துவிட்டார்கள்!

இதிலே அரியலூருக்குத் தனிப் பங்கு உண்டு. 2017ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலே அரசு தலைமைக் கொறடாவாக இருந்தவர் யார்? இந்த அரியலூர்த் தொகுதி உறுப்பினர் தாமரை ராஜேந்திரன். அந்த ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் நம்பிக்கை ஓட்டு. அரசுக்கு ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்த 11 பேரும் அதே கட்சிச் சின்னத்திலே வென்றவர்கள். அவர்கள் பதவி போகவில்லை. ஆகஸ்டிலே வேறு சிலர், முதலமைச்சர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். கொறடா புகார் கொடுத்தார். செப்டம்பர் 18ஆம் நாள் 18 பேர் பதவியைச் சபாநாயகர் பறித்தார். உயர்நீதிமன்றத்திலே முதலிலே இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபர் 25ஆம் நாள் பறித்தது சரியே என்றார். சபைக்குள்ளே எதிர்த்து ஓட்டுப் போட்டவர் உள்ளே! சபைக்கு வெளியே கடிதம் கொடுத்தவர் வெளியே! சட்டத்தின் வாசகங்களைக் காட்டி இதற்கு விளக்கம் சொல்வார்கள். சொல்லட்டும். தேநீர்க் கடையிலே அந்த விளக்கம் விலை போகாது.

சரி, அது சட்டமன்றம், கீழ்ச்சபை. ஆட்சியின் உயிர் அங்கே இருக்கிறது. அங்கே ஓர் ஓட்டுக் குறைந்தால் அமைச்சரவை கவிழும். ஆகவே அங்கே கொறடா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பதிலே நியாயம் உண்டு. மேல்சபையிலே என்ன நியாயம்? நமது வழக்கு இந்த இடத்திலேதான் இருக்கிறது.

மேல்சபை என்றதும், சென்னையிலே இருந்த மேலவையைச் சிலர் நினைப்பீர்கள். 1937 முதல் இரண்டு சபைகள் இங்கே இருந்தன. 1952 தேர்தலிலே 375 இடத்தில் 152 மட்டுமே பெற்ற காங்கிரஸ், தேர்தலிலேயே நிற்காத ஆச்சாரியாரை மேலவைக்கு நியமித்து, கொல்லைப்புறக் கதவு திறந்து, முதலமைச்சர் நாற்காலியிலே உட்கார வைத்தது. 1967இலே அண்ணா முதல்வரான பின் உறுப்பினரானதும் அந்த மேலவையிலேதான். 1986 நவம்பர் 1ஆம் நாளோடு அது மூடப்பட்டது. 2010இலே மீண்டும் அமைக்கச் சட்டம் செய்யப்பட்டும் அமையவில்லை. ஆகவே சென்னையிலே மேலவைக் கொறடா என்று இன்று எவரும் இல்லை. நமக்கு இருக்கிற ஒரே மேல்சபை டில்லியிலே இருக்கிற மாநிலங்களவை. அங்கே தமிழ்நாட்டுக்கு 18 இடம். மக்கள் நேரே அனுப்புவதில்லை. நீங்கள் அனுப்பிய 234 பேர் சேர்ந்து அனுப்புகிறார்கள்.

பெயரைக் கவனியுங்கள் தோழர்களே: மாநிலங்களவை! மாநிலத்தின் குரல் ஒலிக்க வேண்டிய மன்றம். அங்கே தோற்றால் அமைச்சரவை கவிழாது. அமைச்சரவை பதில் சொல்ல வேண்டியது மக்களவைக்கு மட்டுமே என்று அரசியல் சட்டமே சொல்கிறது. பண மசோதாவை 14 நாளுக்கு மேல் அங்கே நிறுத்தி வைக்க முடியாது. 2002இலே பொடா சட்டத்தை மாநிலங்களவை தோற்கடித்தது. ஆட்சி விழுந்ததா? இல்லை. இரு சபையையும் ஒன்றாகக் கூட்டி, அங்கே எண்ணிக்கை காட்டி, நிறைவேற்றிக்கொண்டார்கள். விழாத வீட்டுக்கு எதற்காக இத்தனை முட்டு? குடிசைக்குள்ளே மழை ஒழுகாதபோது குடை எதற்கு?

இப்படிக் கேட்டுவிட்டு நாமே உடனே பதிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மழை ஒழுகிய நாளும் உண்டு. கதையைக் கேளுங்கள்.

1970, செப்டம்பர் 5. மன்னர் மானியத்தை ஒழிக்கும் மசோதா மாநிலங்களவைக்கு வருகிறது. ராஜ்யம் போனாலும் ரொக்கம் போகவில்லை அந்த ராஜாக்களுக்கு! மைசூர் மன்னர் ஒருவருக்கு மட்டும் ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய், வரி இல்லாமல்! வயலிலே நாற்று நட்ட பெண்ணுக்கு அன்றைக்கு என்ன கூலி என்பதை உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், 26 லட்சம் எத்தனை பெரிய தொகை என்று விளங்கும். மக்களவை மசோதாவை நிறைவேற்றி அனுப்பிவிட்டது. அரசியல் சட்டத் திருத்தமாயிற்றே, மேல்சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு தனியாக வேண்டும். கூட்டு அமர்வு என்கிற குறுக்கு வழி இதற்குக் கிடையாது. காங்கிரஸ் அதற்கு முந்தைய ஆண்டுதான் இரண்டாகப் பிளந்திருந்தது. கொறடாக்கள் ஓடினார்கள், எண்ணினார்கள், இழுத்தார்கள். ஓட்டு எடுத்தார்கள். ஆதரவு 149. எதிர்ப்பு 75.

மொத்தம் 224. அதிலே மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு? 149, அதற்கு மேலே மூன்றில் ஒன்று! 149 இருக்கிறது, மூன்றில் ஒரு ஓட்டு இல்லை! மனிதனை மூன்றாக அறுத்து ஒரு பங்கை மட்டும் கொண்டுவர முடியாதல்லவா? முழு ஆள் ஒருவர் வேண்டும், 150ஆவது ஆள். அவர் இல்லை. மசோதா மாண்டது. மகாராஜாக்கள் மாளிகையிலே அன்றிரவு விளக்கு எத்தனை ஏற்றினார்களோ!

அது ஏதோ ஏட்டுக் கணக்கோடு முடியவில்லை. மறுநாளே குடியரசுத் தலைவர் ஆணையாலே மன்னர்களின் அங்கீகாரத்தை நீக்கினார்கள். டிசம்பர் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. அடுத்த பன்னிரண்டாம் நாள் மக்களவையே கலைக்கப்பட்டது. 1971இலே நாடு தேர்தலைச் சந்தித்தது. அந்த ஆண்டின் கடைசியிலே 26ஆம் திருத்தம் வந்த பிறகே மானியம் ஒழிந்தது. ஒரே ஒரு ஆள் அன்று நாற்காலியிலே கூடுதலாக இருந்திருந்தால் இத்தனையும் வேறு விதமாக நடந்திருக்கும். அப்படிப்பட்ட நாளிலே கொறடா என்பவன் கங்காணி அல்ல. ஏழையின் கூலிப் பட்டியலை எண்ணிச் சரிபார்க்கிற மேஸ்திரி. அவன் எண்ணிக்கை தவறினால் ஏழை நட்டப்படுகிறான்.

ஆகவே சாட்டையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டோம். கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று கற்றவர்கள் நாம். ஊருக்கு ஊர் கிளைக் கழகத்திலே தீர்மானம் போட்டபின் வாயை மூடிக்கொண்டு சுவரொட்டி ஒட்டப் போகிற தோழனுக்குக் கட்டுப்பாடு உண்டு என்றால், குளிர்ந்த அறையிலே அமர்ந்து கை தூக்குகிறவருக்கும் அது உண்டுதான். நமது வழக்கு வேறு. எதற்குச் சாட்டை, எதற்குச் சாட்டை கூடாது என்பதே நமது வழக்கு.

1963க்கு வாருங்கள். ஆட்சிமொழி மசோதா. ஏப்ரல் மாதத்திலே மக்களவைக்குக் கொண்டுவந்தவர் உள்துறை அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி. அவர் பெயர் அரியலூருக்குப் புதிதல்ல. 1956 நவம்பர் 23ஆம் நாள் அரியலூர் அருகே மருதையாற்றிலே ரயில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகியவர். நல்லவர் என்று நாடு சொன்னது, நாமும் சொல்கிறோம். அந்த நல்லவர் கொண்டுவந்த மசோதாவிலே ஒரு சொல்: 1965க்குப் பிறகும் ஆங்கிலம் தொடர 'லாம்.' தொடர 'வேண்டும்' அல்ல, தொடர'லாம்'! அந்த 'லாம்' தொடராமலும் விடலாம் அல்லவா? 'லாம் என்றாலும் வேண்டும் என்றே பொருள்' என்றார் நேரு. அப்படியானால் 'வேண்டும்' என்றே எழுதிவிடுங்களேன், மை அதிகம் செலவாகாதே! மாநிலங்களவையிலே அண்ணா எழுந்தார். 1962 முதல் அந்த அவையிலே இருந்தவர். காஞ்சியிலே தோற்றவர்தான், கருத்திலே தோற்றவர் அல்லர். அந்தச் சொல்லை மாற்றுங்கள் என்று வாதாடினார். கேட்டார்கள், பாராட்டினார்கள், ஆங்கிலம் அழகு என்றார்கள். ஆனால் ஓட்டு? எண்ணிக்கை எந்தப் பக்கமோ, சட்டம் அந்தப் பக்கம்! மே 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் கையொப்பமும் விழுந்தது.

அந்த அவையிலே அன்று அண்ணா ஒருவருக்குத்தானா தமிழ் தாய்மொழி? ஆளுங்கட்சி வரிசையிலும் தமிழர் இருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் தாலாட்டு தமிழிலேதான். கட்சி எந்தப் பக்கமோ அவர்களும் அந்தப் பக்கம். எட்டு மாதம் கழித்துச் சின்னசாமி எரிந்தார். 1965 ஜனவரியிலே கோடம்பாக்கம் சிவலிங்கம், இன்னும் பலர். மாணவர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டிய பிறகு, பிப்ரவரி 11ஆம் நாள், ஆளுங்கட்சியைச் சேர்ந்த தமிழ் அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் விலகல் கடிதம் நீட்டினார்கள். அன்றிரவே சாஸ்திரி வானொலியிலே உறுதிமொழி பேசினார். நாம் கேட்கிறோம்: 1965இலே நீட்டிய கடிதத்தை 1963இலே, ஓட்டு நாளிலே, ஒரு வாக்குச் சீட்டாக நீட்டியிருக்கக் கூடாதா? அப்போது பத்தாவது அட்டவணைகூடக் கிடையாதே! பதவி போகும் என்கிற சட்டம் இல்லாத காலத்திலேயே அந்தக் கதி என்றால், முள் கட்டிய இன்றைய சாட்டைக்கு எதிரே எவர் எழுந்து நிற்பார்?

இதை ஏன் பழங்கதையாக விடமுடியாது தெரியுமா? 1967 டிசம்பரிலே அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 1968 ஜனவரி 8ஆம் நாள் கையொப்பம். அதிலே ஒரு பூட்டு இருக்கிறது. ஆங்கிலத்தை நிறுத்த வேண்டுமானால், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அத்தனையின் சட்டமன்றமும் தீர்மானம் போட வேண்டும். அதன் பிறகு பாராளுமன்றத்தின் ஒவ்வொரு சபையும் தனித்தனியாகத் தீர்மானம் போட வேண்டும். ஒவ்வொரு சபையும்! அதாவது மாநிலங்களவை கையிலும் ஒரு சாவி. ஆனால் இந்தப் பூட்டைச் செய்தது ஒரு சாதாரணச் சட்டம். சாதாரணச் சட்டத்தைச் சாதாரணப் பெரும்பான்மையாலே மாற்றலாம். மாற்றும் மசோதா ஒரு நாள் வந்தால், அன்று மாநிலங்களவையிலே ஆளுங்கட்சிக் கொறடா எத்தனை கோடு போடுவார்? மூன்று கோடுதான்! அன்று அந்த வரிசையிலே உட்கார்ந்திருக்கிற தமிழ்நாட்டு, வங்காள, கன்னட, அசாம் உறுப்பினர் எந்த மொழியிலே சிந்திப்பார்? பதவி மொழியிலா, தாய்மொழியிலா?

சாட்டையைக் கீழே போட்ட கொறடாவே ஒருவர் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2019 ஆகஸ்ட் 5. காஷ்மீர் மாநிலத்தை இரண்டாகப் பிரித்து, மாநிலம் என்கிற தகுதியையே பறிக்கும் மசோதா, முதலிலே வந்தது மாநிலங்களவைக்கு! அங்கே காங்கிரசின் தலைமைக் கொறடா அசாமைச் சேர்ந்த புவனேசுவர் கலிதா. எதிர்த்து ஓட்டுப் போடச் சொல்லிக் கட்டளை அனுப்ப வேண்டியவர் அவர். அனுப்பவில்லை. உறுப்பினர் பதவியையே ராஜினாமா செய்தார். மனசாட்சி என்று கைதட்டப் போகிறீர்களா? பொறுங்கள். நாலே நாளிலே ஆளுங்கட்சியிலே சேர்ந்துவிட்டார்! மனசாட்சிக்கும் மாற்றுக் கட்சிக்கும் இடையே நாலு நாள் தூரம்தானா என்று கேட்கத் தோன்றுகிறது. மசோதா 125க்கு 61 என்று நிறைவேறிற்று. ஒரு மாநிலத்தை மாநிலங்களவையே மறையச் செய்த நாள் அது. பல மாநிலக் கட்சிகள் அன்று டில்லிச் சாட்டைக்கு அல்ல, தங்கள் சாட்டைக்கே பணிந்து ஆதரவாகக் கை தூக்கின. மாநிலக் கட்சியின் கொறடா என்றால் மாநில உரிமையின் காவலன் என்று நினைத்திருந்தோம். அந்த நினைப்பும் அன்று அடிபட்டது.

எண்ணாமலே விடுவதும் ஒரு வித்தை. 2020 செப்டம்பர் 20. வேளாண் மசோதாக்கள். தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்றார் நமது திருச்சி சிவா. எண்ணி ஓட்டு எடுங்கள் என்று எதிர்வரிசை கேட்டது. உறுப்பினர்கள் அவரவர் இடத்திலே இல்லை, அமளி என்று காரணம் சொல்லி, குரல் ஓட்டிலே முடித்துவிட்டார்கள். யார் குரல் பெரிது என்று பார்க்க இது என்ன கபடிக் களமா? எண்ணினால் பெயர் பதிவாகும். எவர் ஆம், எவர் இல்லை, எவர் வெளிநடப்பு என்பது ஏட்டிலே ஏறும். எண்ணாவிட்டால் எல்லோரும் புகைக்குள்ளே. ஓராண்டு உழவர்கள் டில்லி எல்லையிலே குளிரிலும் வெயிலிலும் கிடந்தார்கள். 2021 நவம்பரிலே அதே சபை அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற்றது. அதே கைகள்!

சாட்டை இல்லாத நாளிலே அந்தச் சபை என்ன செய்யும்? அதற்கும் சான்று இருக்கிறது. 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை, தனி உறுப்பினர் மசோதாவுக்கான நாள். அந்த நாளிலே கட்சிகள் பெரும்பாலும் கட்டளை அனுப்புவதில்லை. திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா. திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று அமைச்சர் கேட்டார். மாட்டேன் என்றார் இவர். கட்சி வேறுபாடு மறந்து அவை அதை ஒருமனதாக நிறைவேற்றிற்று. ஏறத்தாழ 45 ஆண்டுக்குப் பிறகு தனி உறுப்பினர் ஒருவரின் மசோதா அங்கே தேறியது. மக்களவையிலே அது முடங்கிப்போனது. 2019இலே அரசு தன் கைப்படி வேறு சட்டம் செய்தது. அது வேறு கதை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மாலையிலே ஒவ்வோர் உறுப்பினரும் ஆளாக உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படியானால் நமது கோரிக்கை என்ன? ஆட்சிமொழி, மாநில எல்லை, மாநிலத்தின் அதிகாரப் பட்டியல் இவை மேல்சபைக்கு வரும்போது எந்தக் கட்சிக் கொறடாவும், நமது கட்சிக் கொறடா உட்பட, மூன்று கோடு போடக்கூடாது. பத்தாவது அட்டவணையின் முள் அந்த ஓட்டுக்குப் பொருந்தாது என்று எழுதிவிடுங்கள். நமது உறுப்பினர் விலை போய்விடுவாரே என்பீர்கள். போகலாம். 34 ஓட்டு வாங்கி ஒருவரை ஆறாண்டுக்கு அனுப்புகிறபோதே அந்த ஆள் யார் என்று பார்க்காமல், சாட்டையை நம்பி அனுப்பியது நமது குற்றம். 2025 ஏப்ரலிலே வக்ஃப் திருத்த மசோதாவுக்கு ஒரிசாவின் பிஜு ஜனதா தளம் கொறடா உத்தரவு போடாமல் உறுப்பினர் விருப்பத்துக்கு விட்டது. அதையே சிலர் கோழைத்தனம் என்றார்கள். மசோதா 128க்கு 95 என்று தேறியது. கட்டளை இட்டிருந்தால் எதிர்ப்புக்குச் சில ஓட்டுக் கூடியிருக்கும் என்று நமக்கும் வருத்தம் உண்டு. வருத்தத்தோடுதான் சொல்கிறோம். இந்தப் பக்கம் வெட்டுகிற கத்தி அந்தப் பக்கமும் வெட்டும்.

இத்தனையையும் அந்தக் கல் ஏற்றும் தோழரிடம் ஒரே மூச்சிலே சொன்னோமா? இல்லை. அரைமணி நேரம் பிடித்தது. இரண்டு தேநீர் ஆயிற்று. காசு அவர்தான் கொடுத்தார், மறுத்தும் கேட்கவில்லை. சின்னசாமி பற்றிச் சொன்னபோது மட்டும் "அது எங்களுக்குத் தெரியும்ணே, அதைச் சொல்லாதீங்க" என்றார். பக்கத்திலே இருந்த பெரியவர் ஒருவர், அதுவரை வாய் திறக்காதவர், கேட்டார்:

"எண்ணி ஓட்டு எடுத்தா பேரு ஏட்டுல ஏறும்னியே தம்பி, அந்த ஏடு நம்ம கைக்கு வருமா?"

"வரும் ஐயா. சபை நடவடிக்கைக் குறிப்பிலே அச்சாகும். எவரும் பார்க்கலாம்."

"தமிழ்லயா?"

நாம் பேசவில்லை. ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் அது வருகிறது.

"அப்ப நீயே தமிழ்ல எழுதிக்கொண்டு வா. நம்ம பதினெட்டுப் பேரு, எதுக்கு ஆம் போட்டாங்க, எதுக்கு இல்லை போட்டாங்க, எதுக்கு எழுந்து வெளியே போனாங்க, பேரு போட்டு. அடுத்த ஜனவரி 25க்கு வருவேல்ல, அப்ப கொண்டு வா. இந்தக் கடைச் சுவத்துல ஒட்டிடுவோம்."

கடைக்காரர் சுவரிலே மாட்டியிருந்த சோப்பு விளம்பரக் காலண்டரைப் பார்த்தார். அதைக் கழற்றினால் இடம் போதும் என்றார்.